மூன்றாம் ஓலை

கிருபாபுரம், களக்காடு வழி
12.6.2024

எப்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் உயிரோடிருக்கிறேன். இடது காது போய் ஆறு வருஷம். வலது காதும் இந்த வைகாசியில் போயிற்று. காதோடு வாய் வைத்துக் கத்தினால் கொஞ்சம் விளங்கும். போனில் ஒன்றும் விளங்காது. ஆகையால் பதிலை எழுது. உன் அம்மா சுகத்தை நான் விசாரிக்கவில்லை.

நாலு வருஷமாக உன் வீட்டுக்கு நான் ஒரு வரி எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். முறைக்காரன் எஸ்றா இருக்கும்போது நீ கோவில்பட்டியில் கட்டிக்கொண்டாய். என் கூடப்பிறந்தவள் ஞானசௌந்தரி அதற்குத் தலையாட்டினாள். அன்றுமுதல் என் மகன் கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போகிறான். ஏழு இடம் வந்தது. ஏழும் போயிற்று. வயது முப்பதாகிறது.

சித்திரையில் அவனுக்கு வயிற்றுக் கோளாறு. ஸ்ரீவைகுண்டத்தில் வேலைபார்க்கிறவன், சனிக்கிழமை வழக்கம்போல் வந்தான். தன் சட்டை, என் சட்டை எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்து அலமாரியில் விளிம்பு பிசகாமல் அடுக்கினான். மறுநாள் வயிற்றுக் கோளாறு. பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். காது கேட்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் அவன் சட்டைப்பையில் ஒரு அட்டை இருந்தது. மேலே ஒரு குடையின் படம். கீழே உன் பெயர், ஆலோசகர், பாளையங்கோட்டை. ஆக உன்னிடம் வந்திருக்கிறான். உன்னை நினைத்து உருகித்தான் இந்த நிலைக்கு வந்தான் என்பது என் முடிவு. அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்னாய் என்று ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சா. நேசையா,
ஓய்வுபெற்ற லஸ்கர் (மடைக்காவல்), பொதுப்பணித்துறை.

*

பாளையங்கோட்டை
24.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். எப்சி எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உறையின்மேல் உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு, “எங்க அண்ணன் எழுத்துல்லா, சுழி இன்னும் அப்படியேதான் போடுதான்” என்று சொல்லி அதைக் கீழே வைக்கவே இல்லை. உங்கள் காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கலாம். நீங்கள் சம்மதித்தால் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் அறைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன பேசினார்கள் என்று நான் வெளியே சொல்வதில்லை. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நீங்கள் மடைச் சாவி வைத்திருந்த காலத்தில் தாசில்தார் வந்து கேட்டபோதுகூட, என்ஜினியர் எழுத்து இருந்தால்தான் தருவேன் என்று நின்றீர்களாம். அம்மா பெருமையாகச் சொல்லுவாள். இதுவும் அப்படித்தான்.

என்மேல் உள்ள வருத்தம் இருந்துவிட்டுப் போகட்டும், மாமா. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

எஸ்றா வீட்டுக்கு வந்தால் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
எப்சி.

*

கிருபாபுரம்
1.7.2024

எப்சிக்கு,

ஸ்தோத்திரம். சுகம்.

மடைச் சாவியையும் மகனையும் ஒன்றாக்காதே. மடை அரசாங்கத்துடையது. மகன் என்னுடையவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன்தான் நான். ஆனால் துறை விதிப்புத்தகம் முழுவதும் படித்து என்ஜினியருக்கே விதி எடுத்துக் கொடுத்தவன். எனக்கு நீ பாடம் நடத்த வேண்டாம்.

உன் அலுவலகத்துக்கு இன்று பதிவுத்தபாலில் புகார் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வரும்வரை காத்திருப்பேன்.

மெஷின் வேண்டாம். ஊரில் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டேன். என் மகன் மட்டும் என்னோடு பேசவேண்டுமானால் தெருவுக்கே கேட்கும்படி பேச வேண்டும். அதனால் அவன் பேசுவதில்லை.

இப்படிக்கு,
சா. நேசையா.

*

பாளையங்கோட்டை
22.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். சுகந்தானே? கால்வாயில் தண்ணீர் விட்டதும் வாழைக்குப் பாய்ச்ச இறங்குவீர்கள். பார்த்து இறங்குங்கள்.

புகார் வந்தது. நான்கு பக்கம். எங்கள் மேலதிகாரி படித்துவிட்டு, “உங்க மாமாவ நம்ம ஆபீசுக்கு எடுத்துக்கிடலாம் போலிருக்கே” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் அதேதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மாதம் இரண்டாம் சனிக்கிழமை களக்காட்டிலும் ஒரு அறை திறந்திருக்கிறோம். நாசர் அண்ணாச்சியின் உரக்கடை மாடி. கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினால், எங்கே போகிறாய் என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். களக்காடு உரக்கடைக்கு என்றால் கேட்பாரில்லை. சிலர் இறங்கும்போது இரண்டு கிலோ யூரியா வாங்கிக்கொண்டு போகிறார்கள், கையில் எதுவும் இல்லாமல் போனால் சரியில்லை என்று. படியருகே அன்னத்தாய் என்ற அம்மாவை உட்காரவைத்திருக்கிறோம்.

அந்த அறை வீட்டாருக்கும் உரியது. நீங்களும் வரலாம்.

அன்புடன்,
எப்சி.

*

கிருபாபுரம்
11.8.2024

எப்சிக்கு,

ஸ்தோத்திரம்.

நேற்று களக்காடு போனேன். வாழைக்கு யூரியா வாங்கத்தான் போனேன். மாடிப்படி பக்கத்திலேயே இருந்தது. ஏறினேன். அந்த அன்னத்தாய் கடைத்தெருவுக்கே கேட்கும்படி, “ஏ பெரியவரே, ஒமக்கு என்ன மனக்கொற? பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசுல்லா!” என்று கத்தினாள். எனக்கே விளங்கியது என்றால் பார்த்துக்கொள். கீழே இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கதவு சாத்தியிருந்தது. நீ உள்ளே யாரோடோ இருந்தாய். அவள் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். மேலே அந்தக் குடைப்படம். அட்டையில் இருந்த அதே படம்.

யார் யார் வரலாம் என்று அதில் போட்டிருக்கிறது. ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி, அவர்கள் பெற்றோர். படியில் நின்று படித்தேன். மறுபடியும் படித்தேன். எட்டாக மடித்து வேட்டி மடிப்பில் வைத்தேன். கீழே வந்து யூரியா ஒரு மூட்டை வாங்கினேன். பஸ் வந்தது. ஏறி வந்தேன்.

எழுத வேறொன்றும் இல்லை.

சா. நேசையா.

*

கிருபாபுரம்
29.12.2024

எப்சிக்கு,

ஸ்தோத்திரம். பண்டிகை முடிந்தது. நான் சுகம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை.

எஸ்றாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் பெர்சிஸ். பேய்க்குளம் பக்கம் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அடக்கமான பிள்ளை. தை கடைசியில், பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை கல்யாணம். பெண் பார்க்கப் போனபோது இவன் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தான். எழுந்து போகவில்லை. அது சம்மதம்தான்.

திருச்சபைச் சேகர அலுவலகத்தில் விவாக விண்ணப்பத்தை வாங்கி, எல்லாக் கட்டத்தையும் நானே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். ஜனவரி பத்தொன்பது, இருபத்தாறு, பிப்ரவரி இரண்டு, மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள்.

அந்தத் தாளில் போட்டிருக்கிற எதுவும் கல்யாணம் ஆனால் நிற்காது. இது என் முடிவு. நீ முட்டுக்கட்டை போடாதே.

இப்படிக்கு,
சா. நேசையா.

*

பாளையங்கோட்டை
6.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். புது வருஷம் உங்களுக்குச் சுகமாக இருக்கட்டும். அம்மா முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறது.

எஸ்றாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் பார்த்துவரும் வேலையைப் பற்றி எழுதுகிறேன். அந்தத் தாளில் நீங்கள் படித்தது நோயல்ல. கல்யாணம் அதற்கு மருந்துமல்ல. மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு டாக்டர் கிளம்பினால் இன்று அந்த டாக்டர்மேல் நடவடிக்கை வரும். நீங்கள் விதி பார்க்கிறவர், அதனால் சொல்கிறேன்.

வீட்டாருக்காகக் கழுத்தை நீட்டிய ஐந்து பேர் எங்களிடம் வந்திருக்கிறார்கள். ஐந்து என்று எண்ணுவதும் தப்பு, மாமா. பத்துப் பேர். கட்டிவந்தவர்களும் உண்டல்லவா? அதில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “எனக்கு என்ன கொறன்னு மூணு வருசமா கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா.”

பெர்சிஸ் அடக்கமான பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
எப்சி.

*

கிருபாபுரம்
20.1.2025

எப்சிக்கு,

ஸ்தோத்திரம். சுகம்.

நேற்று முதல் ஓலை வாசித்தாயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சபைக் கமிட்டிக்காரர்கள் என் பெயரைச் சபை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தது உனக்குத் தெரியும். அன்றுமுதல் ஒரு கூட்டத்திலும் நான் ஆட்சேபணை சொல்லாமல் இருந்ததில்லை. ஆட்சேபணை உண்டா என்று கேட்டாலே சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

நேற்றும் போதகர் ஐயர், இவர்களை விவாகத்தில் இணைக்கக்கூடாதபடி யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டிருக்கிறார். எனக்குக் காது கேட்கவில்லை. ஆனால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியதிலிருந்து அந்த இடம் வந்துவிட்டது தெரிந்தது. சிரித்தார்கள். வெளியே வந்ததும் கமிட்டிச் செயலாளர் என் காதில் கை குவித்து, “என்ன வே, இன்னைக்கு வாயே தொறக்கல? மவன்னு வந்தா ஆட்சேபணை கெடையாதோ!” என்று கத்தினார்.

எஸ்றா அன்று வரவில்லை, வேலை இருக்கிறதாம்.

உன் பத்துப் பேர் கணக்கைப் படித்தேன்.

சா. நேசையா.

*

பாளையங்கோட்டை
25.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். இன்று இரண்டே காரியம் எழுதுகிறேன்.

ஒன்று, வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். பூட்டி வைப்பதைவிட வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது. எஸ்றா தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, வழக்கமில்லாத எதையாவது ஒழுங்குபடுத்தி வைக்கிறானா என்று பாருங்கள். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அவனைத் தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் சரி.

இரண்டு, எல்லாக் கட்டத்தையும் நானே பூர்த்தி செய்தேன் என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை கையெழுத்துக் கட்டத்தில் எஸ்றா கையெழுத்துப் போட்டானா?

அன்புடன்,
எப்சி.

*

கிருபாபுரம்
4.2.2025

எப்சிக்கு,

ஸ்தோத்திரம். எஸ்றா சுகம். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மருந்து டப்பாவை நாசர் கடையில் திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமை எஸ்றா வந்தான். நான் தோட்டத்திலிருந்து திரும்பியபோது கூடத்தில் இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. அவன் சட்டை, என் சட்டை, செத்துப்போன உன் அத்தையின் இரண்டு சேலைகூட எடுத்துத் தேய்த்து, அலமாரியில் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தான். “எதுக்குலே இதெல்லாம்?” என்றேன். காதருகே வந்து, “கல்யாண வீடுல்லாப்பா, ஒழுங்கா இருக்கட்டும்” என்றான்.

சித்திரையில் டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது, எப்சி. அன்றைக்கு வலது காது நன்றாக இருந்தது.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். உனக்குப் போன் போடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் என்ன என்று சொல்வது? காலையில் அவனைக் கையோடு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் ஓலை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றேன். முன்வரிசைத் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார்கள்.

ஐயர் இறங்கி வந்து என் காதில், “அண்ணாச்சி, இது கமிட்டிக் கூட்டம் இல்ல, ஆராதன. உக்காருங்க” என்றார்.

“தடை உண்டான்னு நீங்கதானே கேட்டிய? உண்டு” என்றேன்.

“என்ன தடை?”

“எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

தாளைக் கொடுத்தேன். விவாக விண்ணப்பத்தில் மணமகன் கையெழுத்தாக இருப்பது அவனுடையது அல்ல, அவனைக் கேளாமல் தகப்பனாகிய நான் போட்டது, ஆகையால் மூன்று ஓலையும் செல்லாது, சா. நேசையா. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வேறு காரணம் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

செயலாளர் ஐயரின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டார். “கள்ளக் கையெழுத்தா! ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுவீரே வே!” என்று அவர் கத்தியது எனக்கே விளங்கியது.

“ஆமா. அதத்தான் எழுதியிருக்கேன்” என்றேன்.

ஆறு மாதம் எனக்குத் திருவிருந்து கிடையாது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் ஒழுங்காக நடத்திய ஒரே கூட்டம் அது. ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டேன்.

மத்தியானம் எஸ்றாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டான். படுத்தான். சாயங்காலம்வரை தூங்கினான். மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். நேற்றுக் காலை அடுக்கின் நடுவிலிருந்து ஒரு நீலச் சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். நானும் பஸ்நிறுத்தம்வரை போனேன். அடுக்கு சரிந்து கிடக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

பிறகு பெர்சிஸ் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா என்னை உள்ளே விடவில்லை. முற்றத்தில் நின்றேன். பெண்மேல் யாதொரு குறையும் இல்லை, குற்றம் முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பிள்ளையே வெளியே வந்து வாங்கிப் படித்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கையெழுத்து தப்பு. தப்பைச் சொன்னேன்.

சா. நேசையா.

*

பாளையங்கோட்டை
20.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உங்கள் கடிதத்தை அம்மா தன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள். வெயில் ஏறுகிறது, பகலில் தோட்டத்துக்குப் போகாதீர்கள்.

எஸ்றாவைத் தனியாக இருக்க விடாமல் பார்த்துக்கொண்டீர்கள். அது போதும். அவன் விஷயமாக நான் வேறெதுவும் எழுத மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

களக்காட்டு அறையை மூடவேண்டி வரும்போல் இருக்கிறது. தடுப்பு வெறும் பலகை. உள்ளே பேசுவது படிவரை கேட்கிறது. அன்னத்தாய் கேட்டதை ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறாள். வந்துகொண்டிருந்த ஒரு பெண் அதற்குப் பிறகு வரவில்லை. எப்படி இருக்கிறாள் என்றும் தெரியவில்லை. அன்னத்தாயை நிறுத்திவிட்டோம். வாசலில் ஆளில்லாமல் கதவைச் சாத்தவும் முடியாது, யாராவது தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஏப்ரல் பன்னிரண்டுக்குள் நம்பிக்கையான ஆள் கிடைக்காவிட்டால் அறையை விட்டுவிடலாம் என்கிறார் மேலதிகாரி.

அன்புடன்,
எப்சி.

*

கிருபாபுரம்
27.3.2025

மருமகள் எப்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி வேண்டாம் என்று சொல். அவளுக்கு ஊசி என்றால் சின்னப் பிள்ளையிலிருந்தே பயம்.

எஸ்றா சனிக்கிழமைதோறும் வருகிறான். சாப்பிடுகிறான். நீ சொன்னபடி ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் அவன் என் காதருகே வந்து, “கரண்ட் வந்துட்டுப்பா” என்றான். அவ்வளவுதான்.

நாலு வருஷமாக உன்மேல் நான் வைத்திருந்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். நீ அதை ஏன் மறுக்கவில்லை என்று கேட்க மாட்டேன். அந்தத் தாளில் உள்ளதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

களக்காட்டு வாசலுக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் மனுச் செய்கிறேன். எனக்கு வயது எழுபத்துமூன்று. முப்பத்தொரு வருஷம் மடைக்குக் காவல் இருந்தவன். என்னைத் தள்ளிக்கொண்டு ஒருவரும் உள்ளே போக முடியாது. எனக்குக் காது கேட்காது. உள்ளே யார் அழுதாலும் எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. இதைவிடத் தகுதியான ஆள் உனக்குக் கிடைக்கமாட்டார். சம்பளம் வேண்டாம். முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வேண்டும்.

ஊரில் கேட்டால் உரக்கடை மாடியில் காவல் வேலை என்று சொல்லுவேன். அது பொய்யுமில்லை.

ஒரு நிபந்தனை. எஸ்றா என்றைக்காவது அந்தப் படியில் ஏறினால், நான் எழுந்து எதிரே உள்ள டீக்கடைக்குப் போய்விடுவேன். அவன் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போக வேண்டாம். முக்கால் மணி நேரம் அங்கே நிற்பேன். படியைப் பார்த்தபடிதான் நிற்பேன், வேறு யாரையும் ஏறவிடமாட்டேன்.

முக்கால் மணி நேரம் போதுமா என்று எழுது.

உன் மாமா,
நேசையா.